சண்டைல யாரு முதல்ல? புதுசா கேம் நடத்துறவங்களுக்கு இனிஷியேட்டிவ் வழிகாட்டி

டேபிள்ல உக்காந்து விளையாடுற ரோல்பிளேயிங் கேம்ல கதை ஓடிட்டு இருக்குற வரைக்கும் யாரு எப்ப பேசணும்னு தனியா விதி எதுவும் தேவைப்படாது, ஒருத்தர் கதவைத் திறப்பாரு, இன்னொருத்தர் காவல்காரன்கிட்ட பேச்சு குடுப்பாரு, நடுவுல மூணாவது ஆள் பூந்து ஏதாவது சொல்லுவாரு, எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும். சண்டைன்னு வந்துட்டா அப்படி விட முடியாது. சத்தமா பேசுறவங்க ரெண்டு பேரு நாலு அடி அடிச்சு முடிச்சுருப்பாங்க, ஓரமா உக்காந்து யோசிச்சுட்டு இருந்தவருக்கு வாயத் திறக்கவே சான்ஸ் கிடைச்சிருக்காது. அந்த அமைதியான ஆளுக்கும் அதே அளவு இடம் கிடைக்கணும்னுதான் டர்ன் ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, அத முடிவு பண்ற முறைதான் இனிஷியேட்டிவ். கேரக்டர்ல யாரு வேகமானவங்கங்கிறது அதுக்கு அப்புறம் வர்ற விஷயம். இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ வர்ற பாதி கேள்விக்கு விடை தானா வந்துடும்.

பெரும்பாலான புது ஆளுங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அஞ்சாவது எடிஷன்லதான் ஆரம்பிக்கிறாங்க, அதனால அத வச்சே சொல்றேன், மத்த கேம்கள கடைசில பாக்கலாம்.

எப்ப உருட்டச் சொல்லணும்

எப்படி உருட்டணும்னு ரூல் புக்ல தெளிவா இருக்கும், ஆனா எந்த நொடில உருட்டச் சொல்லணும்ங்கிறதுலதான் புது ஜிஎம் (கேம் மாஸ்டர், அதாவது கேம நடத்துறவர்) எல்லாரும் தடுமாறுவாங்க. பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு, கொள்ளைக்கூட்டத் தலைவன் மிரட்டுறான், திடீர்னு ஒரு பிளேயர் "நான் அவன வெட்டுறேன்"னு சொல்றாரு. இப்ப என்ன பண்ணணும்? நிறைய பேரு அந்த வெட்ட முதல்ல முடிக்க விட்டுட்டு அப்புறம் இனிஷியேட்டிவ் கேப்பாங்க. அது தப்பு. அப்படி ஒரு தடவ விட்டீங்கன்னா முதல்ல கத்துறவங்களுக்கு ஒரு அடி இலவசம்னு டேபிளுக்கே பழகிடும், அப்புறம் ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் யாரு முதல்ல கத்துறதுங்கிற போட்டியா மாறிடும்.

சரியான வழி என்னன்னா, அவரு சொன்ன அந்த நிமிஷமே கதைய நிறுத்தி "உன் கை வாள்பிடிக்குப் போகுது, அத அங்க இருக்க எல்லாரும் பாக்குறாங்க, எல்லாரும் இனிஷியேட்டிவ் உருட்டுங்க"ன்னு சொல்லணும். வெட்டுறேன்னு சொன்னவரு மூணு உருட்டி, தலைவன் பத்தொம்பது உருட்டினா தலைவன்தான் முதல்ல. பிளேயருக்கு அது கொஞ்சம் கடுப்பா இருக்கும், "நான்தானே முதல்ல சொன்னேன்"னு கேப்பாரு, அப்ப நீங்க "அவன் உன் தோள் அசையுறதையே பாத்துட்டான், நீ உருவுறதுக்குள்ள அவன் கத்தி வெளிய வந்துடுச்சு"ன்னு சொல்லுங்க. உருட்டின நம்பருக்கு ஏத்த மாதிரி கதைய சொல்லிட்டா யாரும் சண்டை போட மாட்டாங்க. இன்னொண்ணு, ஒரு வேளை தன் டர்ன் வரும்போது அவரு மனசு மாறி வெட்டாம ஓடுறேன்னு சொன்னாலும் பரவால்ல, விடுங்க, சூழ்நிலை மாறிடுச்சுல்ல.

அதே மாதிரி எல்லா அடிதடிக்கும் உருட்டணும்னு இல்ல. தூங்கிட்டு இருக்க ஒரே ஒரு எலிய ஃபைட்டர் மிதிக்கப் போறாருன்னா அதுக்கு எதுக்கு ஆர்டர், ஒரு வரில சொல்லி முடிச்சுட்டு போயிட்டே இருங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஏதாவது பண்ண நினைக்குது, யாரு முந்துறாங்கங்கிறதுல முடிவே மாறும், அப்ப மட்டும் உருட்டுங்க. சண்டையே இல்லாத இடத்துலகூட இது உதவும், கூரை இடிஞ்சு விழுந்துட்டு இருக்கு, எல்லாரும் வெளிய ஓடணும், அப்ப ஆர்டர் போட்டா பதட்டமும் வரும் ஒழுங்கும் வரும்.

உருட்டி, எழுதி, சொல்றது

டி20 (இருபது பக்க டைஸ்) ஒண்ணு உருட்டி கேரக்டரோட டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர (சுறுசுறுப்புக்கு ஷீட்ல இருக்க எண்) கூட்டிக்கணும், பெரிய நம்பர் முதல்ல, சின்னது கடைசில, அவ்வளவுதான். இது விதிப்படி ஒரு டெக்ஸ்டெரிட்டி செக், அதனால டெக்ஸ்டெரிட்டி செக்குக்கு அட்வான்டேஜோ (ரெண்டு டி20ல பெருசா வந்தத எடுத்துக்கிறது) போனஸோ குடுக்குற எதுவா இருந்தாலும் இதுக்கும் சேரும், இத நிறைய பேரு மறந்துடுவாங்க. இருபது விழுந்தா ஸ்பெஷலா ஒண்ணும் கிடையாது, அட்டாக் ரோல்ல மட்டும்தான் அது கிரிட்டிக்கல், இங்க அது இருபதுங்கிற ஒரு நம்பர்தான். மான்ஸ்டர்ல ஒரே வகைய சேர்ந்தது எல்லாத்துக்கும் ஒரே ஒரு ரோல் போதும்.

ஒரு எடுத்துக்காட்டு பாப்போம். ஃபைட்டர் மாறன், ரோக் கயல், விஸார்ட் இனியா, கிளெரிக் துருவன். எதிர்ல வில்லு வச்ச கோப்ளின் ரெண்டு, வாள் வச்ச கோப்ளின் ரெண்டு. மாறன் 17 உருட்டினாரு, மாடிஃபையர் 1, மொத்தம் 18. கயல் 9, மாடிஃபையர் 4, ஆக 13. இனியா 11, மாடிஃபையர் 2, அதுவும் 13. துருவன் 6, மாடிஃபையர் பூஜ்யம், 6. வில்லு கோப்ளினுக்கு 13 விழுந்துச்சு, மாடிஃபையர் 2 சேத்து 15. வாள் கோப்ளினுக்கு 4 விழுந்து 6 ஆச்சு. அப்ப முதல்ல மாறன், அடுத்து வில்லு கோப்ளின் ரெண்டும், அப்புறம் 13ல கயலும் இனியாவும், கடைசில 6ல துருவனும் வாள் கோப்ளினும். கோப்ளின் நாலும் ஒரே வகைதான், விதிப்படி ஒரே ரோல் போட்டிருக்கலாம், ஆனா நான் வேணும்னே ரெண்டா பிரிச்சேன், ஏன்னா நாலும் ஒண்ணா வந்து ஒரே ஆள மொய்ச்சா முதல் லெவல் கேரக்டர் தாங்காது, தன் டர்ன் வர்றதுக்கு முன்னாடியே விழுந்துடுவாங்க. எதிரி கூட்டம் பெருசா இருந்தா ரெண்டு இல்ல மூணு குழுவா பிரிச்சுப் போடுறது எப்பவுமே நல்லது.

நம்பர வாங்குறதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல "எனக்கு 13", "எனக்கு 8"ன்னு கத்துனா எழுத முடியாது. "இருபதுக்கு மேல யாராவது? பதினஞ்சுல இருந்து இருபது வரைக்கும்? பத்துல இருந்து பதினாலு?"ன்னு மேல இருந்து கீழ கேட்டுட்டு வாங்க, நீங்க எழுதும்போதே லிஸ்ட் வரிசையா வந்துடும், அப்புறம் உக்காந்து அடுக்க வேண்டியது இல்ல. மான்ஸ்டரோட ரோல கேம் தொடங்குறதுக்கு முன்னாடியே வீட்டுலயே உருட்டி வச்சுக்கோங்க, இது ஏமாத்து வேலை எல்லாம் கிடையாது. 2024ல வந்த புது ரூல் புக்ல மான்ஸ்டருக்கு இனிஷியேட்டிவ் போனஸ் பக்கத்துலயே உருட்டாம வச்சுக்க ஒரு நிலையான ஸ்கோரும் போட்டுருக்காங்க, பத்தோட போனஸ கூட்டுனா வர்ற நம்பர் அது.

இப்ப முக்கியமான விஷயம். அந்த லிஸ்ட் உங்க நோட்டுக்குள்ள இருக்கக் கூடாது. எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கணும். சின்ன வெள்ளை போர்டு இருந்தா அதுல எழுதி நடுவுல வைங்க. இல்லைன்னா தடிமனான பேப்பர்ல ஆளுக்கு ஒரு அட்டை வெட்டி பேரு எழுதி, நடுவுல மடிச்சு ஜிஎம் ஸ்கிரீன் மேல வரிசையா தொங்க விடுங்க, ஆர்டர் மாறுனா அட்டைய எடுத்து நகத்துனா போதும், அழிச்சு எழுத வேண்டாம். பின்பக்கம் ஆர்மர் கிளாஸும் (அடிபடாம தப்பிக்கிற அளவு) பாஸிவ் பெர்செப்ஷனும் (உருட்டாமலே கவனிக்கிற அளவு) எழுதி வச்சா உங்களுக்கும் உதவும். ஆன்லைன்ல விளையாடுனா ரோல்20லயும் ஃபவுண்ட்ரிலயும் டிராக்கர் உள்ளயே இருக்கு, ரோல்20ல உருட்டுறதுக்கு முன்னாடி தன் டோக்கன செலக்ட் பண்ணியிருந்தாதான் நம்பர் தானா லிஸ்ட்ல ஏறும், இத முதல் நாளே பிளேயர்கள்ட்ட சொல்லிடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு சண்டையிலும் அஞ்சு நிமிஷம் அதுலயே போகும்.

ஒரே நம்பர் வந்தா

மேல கயலுக்கும் இனியாவுக்கும் 13. ரெண்டு பிளேயர் கேரக்டருக்கு டை ஆனா அவங்களே பேசி முடிவு பண்ணிக்கணும், நீங்க தலையிட வேண்டாம். மான்ஸ்டருக்குள்ள டைன்னா ஜிஎம் முடிவு. துருவனும் வாள் கோப்ளினும் 6ல நிக்கிற மாதிரி பிளேயருக்கும் மான்ஸ்டருக்கும் டைன்னா அதுவும் ஜிஎம் முடிவுதான். நான் எப்பவும் பிளேயர முதல்ல விடுவேன், எல்லா நேரமும் ஒரே மாதிரி பண்ணுனா போதும், அப்ப யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பாத்ஃபைண்டர்ங்கிற இன்னொரு கேமோட ரெண்டாம் எடிஷன்ல நேர் எதிரா இருக்கும், அங்க டை வந்தா எதிரிதான் முதல்ல.

பதுங்கி இருந்து தாக்குனா

இங்கதான் குழப்பம் ஜாஸ்தி, ஏன்னா விதியே ரெண்டு விதமா இருக்கு. அஞ்சாவது எடிஷனோட 2014 புக்படி விளையாடுனா, ஒளிஞ்சு இருக்கவங்களோட ஸ்டெல்த் ரோல எதிராளியோட பாஸிவ் பெர்செப்ஷனோட ஒப்பிடணும், கவனிக்காம மாட்டுனவங்க 'சர்ப்ரைஸ்டு'. அவங்களும் இனிஷியேட்டிவ் உருட்டணும், லிஸ்ட்ல இருப்பாங்க, ஆனா தன்னோட முதல் டர்ன்ல நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ முடியாது, அந்த டர்ன் முடியுற வரைக்கும் அடுத்தவங்க டர்ன்ல பதிலுக்கு பண்ற ரியாக்‌ஷனும் கிடையாது. 'சர்ப்ரைஸ் ரவுண்டு'னு தனியா ஒண்ணு அஞ்சாவது எடிஷன்ல கிடையவே கிடையாது, அது பழைய எடிஷன்ல இருந்தது, பேச்சு வழக்குல இன்னும் ஒட்டிட்டு இருக்கு. ஆளுக்கு ஆள் தனித்தனியா பாக்கணும்ங்கிறதும் முக்கியம், ஒரு குழுவுல துருவன் மட்டும் புதர் அசையுறத கவனிச்சிருக்கலாம், மத்த மூணு பேரும் மாட்டியிருக்கலாம்.

2024 புக்ல இத ரொம்ப எளிமையாக்கிட்டாங்க, சர்ப்ரைஸ் ஆனவங்க இனிஷியேட்டிவ டிஸ்அட்வான்டேஜோட உருட்டணும், ரெண்டு டி20ல சின்னத எடுத்துக்கணும், அவ்வளவுதான். டர்ன் பறிபோகாது. புது ஆளுங்களுக்கு இதுதான் நல்லதுன்னு உறுதியா சொல்லுவேன், முதல் தடவ விளையாட வந்தவருக்கு "உன் டர்ன் வந்துடுச்சு, ஆனா நீ ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்றத விட கொடுமையான வாக்கியம் இந்த கேம்ல இல்ல. நீங்க 2014 புக்ல விளையாடுனாலும் இந்த ஒரு விதிய மட்டும் எடுத்துக்கலாம், வேற எதுவும் பெருசா பாதிக்காது.

சண்டை ஓடும்போது

ஒரு ரவுண்டுங்கிறது கதைக்குள்ள 6 நொடி. எல்லாரோட டர்னும் அந்த ஆறு நொடிக்குள்ளதான் நடக்குது, பத்து ரவுண்டு போனா ஒரு நிமிஷம். ஆர்டர் ஒரு தடவ போட்டா சண்டை முடியுற வரைக்கும் அதேதான், சுத்தி சுத்தி வரும். ஒவ்வொரு ரவுண்டும் புதுசா உருட்டுனா விறுவிறுப்பா இருக்குமேன்னு தோணும், ஆனா நிறைய ஸ்பெல்லும் எஃபெக்டும் "உன் அடுத்த டர்ன் முடியுற வரைக்கும்"னு எழுதியிருக்கும், ஆர்டர் மாறிட்டே இருந்தா சில எஃபெக்ட் ரெண்டு மடங்கு நேரம் நிக்கும், சிலது யாருக்கும் பயன்படாமலே முடிஞ்சுடும்.

டர்ன கூப்பிடும்போது ரெண்டு பேரச் சொல்லுங்க. "இப்ப கயல், அடுத்து இனியா ரெடியா இருங்க." இந்த ஒரு பழக்கம் போதும், சண்டையோட வேகமே மாறிடும். ஸ்பெல் லிஸ்ட புரட்டுறது, டைஸ எடுத்து வைக்கிறது எல்லாத்தையும் இனியா கயலோட டர்ன்லயே முடிச்சுடுவாங்க. அதுக்கு அப்புறமும் ஒருத்தர் ரொம்ப நேரம் யோசிச்சா அவசரப்படுத்தாம நிலைமைய சுருக்கமா சொல்லுங்க, "உன் முன்னாடி ரெண்டு கோப்ளின், மாறன் கீழ விழுந்து கிடக்கான், கதவு உன் பின்னாடி இருக்கு." முக்கால்வாசி நேரம் அவங்களுக்கு தெரியாதது விதி இல்ல, என்ன நடக்குதுன்னுதான் புரிஞ்சிருக்காது.

"நான் அப்புறமா ஆடலாமா?"ன்னு கண்டிப்பா யாராவது கேப்பாங்க. அஞ்சாவது எடிஷன்ல டர்ன தள்ளிப் போட முடியாது. அதுக்கு பதிலா ரெடி ஆக்‌ஷன் இருக்கு, "கோப்ளின் கதவத் தாண்டி வந்தா அம்பு விடுவேன்"னு ஒரு நிபந்தனைய முன்னாடியே சொல்லணும், அது நடந்த உடனே ரியாக்‌ஷன செலவு பண்ணி அடிக்கலாம். அது நடக்கலைன்னா ஆக்‌ஷன் வீண். ஸ்பெல்ல அப்படி பிடிச்சு வச்சா கான்சன்ட்ரேஷன் (கலையாத கவனம்) வேணும், கடைசில விடவே இல்லைன்னாலும் அந்த ஸ்பெல்லுக்கு செலவான ஸ்லாட் போனது போனதுதான். ஆனா லிஸ்ட்ல அவங்க இடம் மாறாது. பாத்ஃபைண்டர் ரெண்டாம் எடிஷன்ல டிலேன்னே ஒண்ணு இருக்கு, ஒதுங்கி நின்னு வேற யாரோட டர்ன் முடிஞ்ச உடனேயும் உள்ள வரலாம், அதுக்கு அப்புறம் அந்த புது இடம்தான் உங்க இடம்.

யாராவது மயங்கி விழுந்தா அட்டைய எடுத்துடாதீங்க, அவங்க டர்ன் ஆரம்பத்துல டெத் சேவிங் த்ரோ (உயிர் தப்புறாங்களான்னு பாக்குற ரோல்) உருட்டணும். பாத்ஃபைண்டர்ல விழுந்தவங்களோட இடம் விழ வச்ச எதிரியோட டர்னுக்கு நேர் முன்னாடி நகந்துடும், அதனால கூட இருக்கவங்க எல்லாருக்கும் காப்பாத்த ஒரு டர்ன் கிடைக்கும். எனக்கு ரொம்ப பிடிச்ச விதி இது. நடுவுல புதுசா ஒரு எதிரி வந்தா அவனுக்கும் உருட்டி லிஸ்ட்ல சொருகுங்க, ஆனா உள்ள வந்த அதே நொடில அடிக்க விடாம பிளேயர்களுக்கு அவன பாக்குறதுக்கு கொஞ்சம் இடம் குடுங்க. பெரிய மான்ஸ்டர் அடுத்தவங்க டர்ன் முடிவுல பண்ற லெஜண்டரி ஆக்‌ஷன் மாதிரி விஷயத்துக்கும் தனியா ஒரு அட்டை போட்டு வைங்க, இல்லைன்னா கண்டிப்பா மறந்துடும்.

வேற வழிகள்

ஆளுக்கு ஒரு டி20ங்கிற இந்த முறை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல 2000ல வந்த மூணாவது எடிஷன்ல நிலைச்சது. அதுக்கு முன்னாடி 1981ல வந்த பேசிக் செட்ல பக்கத்துக்கு (அணிக்கு) ஒரு டி6, ஒவ்வொரு ரவுண்டும் புதுசா உருட்டணும், ஜெயிச்ச பக்கத்துல எல்லாரும் முதல்ல ஆடுவாங்க. இது ரொம்ப வேகமா போகும், குழுவா பேசி திட்டம் போடலாம். ஆபத்து என்னன்னா எதிரி பக்கம் இந்த ரவுண்டு கடைசில ஆடிட்டு அடுத்த ரவுண்டு ஜெயிச்சா தொடர்ந்து ரெண்டு தடவ அடிக்கும், நடுவுல நீங்க மூச்சு விட முடியாது. அந்தக் கால கேம்ல அது வேணும்னே வச்ச பயம். 1989ல வந்த ரெண்டாம் எடிஷன்ல டி10, அங்க சின்ன நம்பர்தான் முதல்ல, கனமான ஆயுதம் மெதுவா வரும்னு கணக்கு எல்லாம் உண்டு, புது ஆளுங்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஷேடோடார்க்ங்கிற கேம்ல இருக்குற வழி எனக்கு புது டேபிளுக்கு ரொம்ப பொருத்தமா தோணுது. எல்லாரும் உருட்டுவாங்க, பெரிய நம்பர் வந்தவரு முதல்ல, அதுக்கு அப்புறம் அவரு உக்காந்திருக்க இடத்துல இருந்து கடிகாரம் சுத்துற பக்கமா வரிசை போகும். எழுதவே வேண்டாம், அடுத்தது யாருன்னு திரும்பிப் பாத்தாலே தெரியும். ஆறு ஏழு பேரு இருக்க டேபிள்னா தயங்காம இத எடுத்துக்கலாம்.

கால் ஆஃப் கதுலுல உருட்டுறதே இல்ல, டெக்ஸ்டெரிட்டி பெருசா இருக்கவங்க முதல்ல, ஏழாவது எடிஷன்ல துப்பாக்கிய நீட்டி தயாரா வச்சிருந்தா 50 சேத்துக்கலாம். சாவேஜ் வேர்ல்ட்ஸ்ல சீட்டுக்கட்டு, ஒவ்வொரு ரவுண்டும் ஆளுக்கு ஒரு சீட்டு, ஏஸ்ல இருந்து கீழ எறங்கும், ஜோக்கர் வந்தவரு எப்ப வேணும்னாலும் ஆடலாம், அந்த ரவுண்டுல அவரு ரோலுக்கும் டேமேஜுக்கும் 2 கூடும். சீட்டு எல்லாரு முன்னாடியும் வெளிப்படையா கிடக்குறதால லிஸ்ட் தானாவே கண்ணுக்குத் தெரியுது, அதுதான் அதோட அழகு.

2012ல வந்த மார்வெல் ஹீரோயிக் கேம் மூலமா பரவுனது இன்னொரு வகை, டர்ன் முடிஞ்சவரே அடுத்தது யாருன்னு கை காட்டுவாரு, ரவுண்டோட கடைசி ஆள் அடுத்த ரவுண்டோட முதல் ஆள முடிவு பண்ணுவாரு. முதல் பார்வைக்கு ஹீரோக்கள் எல்லாரும் முதல்ல ஆடிட்டா போச்சுன்னு தோணும். அப்படி பண்ணுனா கடைசி டர்ன் வில்லன்கள் கைல போகும், அவங்க அடுத்த ரவுண்டையும் தங்களுக்குள்ளயே ஆரம்பிப்பாங்க, வரிசையா ரெண்டு தடவ அடி விழும். இத புரிஞ்சுக்கிட்ட டேபிள்ல யார எப்ப கூப்பிடணும்ங்கிறதே ஒரு தந்திரமாயிடும், அருமையா இருக்கும். ஆனா அமைதியான ஆள எல்லாரும் கடைசிக்கே தள்ளிட்டே இருக்காங்களான்னு ஜிஎம் கண்ணு வச்சுக்கணும்.

அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழில வந்த கேம்களும் 2025ல வந்த டாகர்ஹார்ட்டும் இனிஷியேட்டிவே இல்லாம ஓடும், கதை யாரு பக்கம் திரும்புதோ அவங்க ஆடுவாங்க. நல்லா நடத்துனா சினிமா மாதிரி போகும், ஆனா யாருக்கு எவ்வளவு நேரம் கிடைச்சுதுங்கிற கணக்கு முழுக்க உங்க தலைல விழும். இத விளையாடுனா பேப்பர்ல ஆளுக்கு ஒரு கோடு போட்டுட்டே வாங்க, யாருக்கு கோடு கம்மியோ அவங்க பக்கம் கேமராவ திருப்புங்க.

எத எடுத்தாலும் முதல் சில சண்டைய புக்ல இருக்க மாதிரியே நடத்திப் பாருங்க, அப்புறம் உங்க டேபிளுக்கு எது மெதுவா போகுதோ அத மட்டும் மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி எல்லாரோட கேரக்டர் ஷீட்டையும் ஒரு தடவ பாக்கணும். ஒருத்தர் அலெர்ட் ஃபீட் (இனிஷியேட்டிவ்ல போனஸ் குடுக்குற தனித்திறமை) எடுத்து வச்சிருக்கலாம், பார்பேரியனுக்கு ஏழாவது லெவல்ல இனிஷியேட்டிவ்ல அட்வான்டேஜ் கிடைக்கும், நீங்க பக்கத்துக்கு ஒரு டைஸ்னு மாத்துனா அது எல்லாம் செல்லாக் காசு ஆயிடும். அப்படி ஒருத்தர் இருந்தா அந்த ஃபீட்டுக்கு பதிலா வேற ஒண்ண எடுத்துக்க விடுங்க, இல்லைன்னா பக்கத்துக்கு உருட்டுறப்போ அவரோட போனஸ மொத்த குழுவுக்கும் சேத்துக்கோங்க, எதுவா இருந்தாலும் அடுத்த சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசி முடிச்சுடுங்க.